கடலுக்குப் பொருத்தம் பார்த்தாச்சா?

திருவண்ணாமலைக்குப் போகாதவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். பௌர்ணமி கிரிவலம், கார்த்திகை தீபம் என்று ஏதாவது ஒரு சாக்கில் போய் வந்திருப்பீர்கள். அங்கே பெரிய மலைக்குப் பக்கத்தில், ஊரை ஒட்டி ஒரு குட்டிக் குன்று இருக்கிறதே, கவனித்ததுண்டா? அதன் பெயர் பவளக்குன்று. பார்வதி தவம் இருந்த இடம் என்று புராணம் சொல்கிறது. 1898-ல் ரமணர் அங்கே தங்கியிருந்தபோதுதான், 'வீட்டுக்கு வந்துடுப்பா' என்று அவரது அம்மா அழகம்மாள் வந்து அழுதார்.

கடலில் இருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊரில் பவளத்தின் பெயரில் ஒரு குன்று! தமிழனுக்குப் பவளத்தின் மேல் அப்படி ஒரு மயக்கம்.

அந்தக் குன்றுக்குக் கொஞ்ச தூரத்தில் என் பள்ளித் தோழன் ஒருவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். போன கோடையில் ஒரு ராத்திரி போன் செய்தான். குரலே சரியில்லை.

"எல்லாம் செத்துப்போச்சுடா" என்றான்.

பதறிவிட்டேன். விசாரித்தால், மீன்கள்!

இரண்டடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி வாங்கி, கடல் உப்பு பாக்கெட் வாங்கிக் கரைத்து, வீட்டு ஹாலில் ஒரு குட்டிக் கடலையே உண்டாக்கியிருக்கிறான். மறுநாளே ஒரு கடைக்குப் போய், கடைக்காரர் கை காட்டிய ஆறு மீன்களை வாங்கிவந்து ஒரேயடியாக உள்ளே விட்டிருக்கிறான். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. நீல நிற டாம்செல் மூன்று. மஞ்சளாக ஒரு வண்ணத்துப்பூச்சி மீன். டாம்செல்கள் கோமாளிகளைத் துரத்தித் துரத்திக் கடித்தன. வண்ணத்துப்பூச்சி மீன் எதைப் போட்டாலும் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் தண்ணீர் கலங்கியது. அன்று ராத்திரி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. விடிந்தபோது ஆறும் மிதந்தன. அவனுடைய சின்னப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

"சரி விடு. அடுத்த வாரம் பவளம் வருதாம். நிஜப் பவளம், உயிரோட. ரெண்டு பீஸ் சொல்லி வெச்சிருக்கேன். எந்த மீனோட எந்தப் பவளம் ஒத்துப்போகும்? நீதான் கண்டதையும் படிக்கிறவனாச்சே, சொல்லு."

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் நம்முடையது. ஆனால் தொட்டிக்குள் ஜோடி சேர்க்கும்போது மட்டும் ஜாதகத்தையே பிரிப்பதில்லை! அவனுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1846-க்கு.

லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற புகழ்பெற்ற தேவாலயத்தில் பெரிய பதவியில் இருந்த பாதிரியாரின் மனைவி அன்னா தைன். ஓய்வுக்காக டார்க்கே என்ற கடற்கரை ஊருக்குப் போன அம்மையார், அங்கே பாறையில் ஒட்டியிருந்த கல் பவளங்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். வீட்டுக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும்! எப்படி? பவளங்களை ஊசி நூலால் ஒரு பெரிய கடற்பஞ்சின்மேல் தைத்தார். ஆமாம், பூத்தையல் போடுவது மாதிரி! அதைக் கடல்நீர் நிரப்பிய ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

கொண்டுவந்தாயிற்று. தண்ணீர்? மாற்ற மாற்றக் கடல்நீருக்கு எங்கே போவது? அம்மையாருக்கு ஒரு யோசனை தோன்றியது. வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டார். திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்று, அந்தக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். நம் ஊர் டீக்கடை மாஸ்டர் ஆற்றுகிற மாதிரி! காற்று கலந்து தண்ணீர் உயிரோடு இருந்தது. உலகத்தின் முதல் 'ஏர் பம்ப்' ஒரு வேலைக்காரப் பெண்ணின் இரண்டு கைகள். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்த வருடம் கடல் பாசியையும் வரவழைத்துப் பவளத்தோடு சேர்த்து வைத்தார் அன்னா தைன். பாசி வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிட, பவளங்கள் ஏறக்குறைய மூன்று வருடம் வாழ்ந்தன. வீட்டுக்குள் நிலைத்து நின்ற முதல் கடல் அதுதான் என்பார்கள்.

கவனியுங்கள். முதன்முதலில் பார்த்த 'பொருத்தம்' மீனுக்கும் மீனுக்கும் இல்லை. விலங்குக்கும் பாசிக்கும்!

இதையே கணக்குப் போட்டு நிரூபித்தவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1850-ல் தங்க மீன், தண்ணீர்ச் செடி, இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தார். செடியின் அழுகிய இலைகள் தண்ணீரைக் கெடுத்தன. நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன. தொட்டி தெளிந்தது. மீன், செடி, நத்தை என்று மூன்று பேர் கூட்டுக் குடித்தனம்! ஆனால் நான்காவதாக ஒரு ஆள் அந்த வீட்டில் இருந்தது வாரிங்டனுக்குத் தெரியாது.

அந்த நான்காவது ஆளின் தடத்தைப் பிடித்தவர் யார் தெரியுமா? அவர் மகன்! அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். விவசாய மண்ணை ஆராய்ந்த அந்த மகன், மண்ணில் அம்மோனியா இரண்டு கட்டங்களாக நைட்ரேட்டாக மாறுகிறது, அதைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று காட்டினார். 1890 வாக்கில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைப் பிரித்தே எடுத்துவிட்டார்.

என் தோழனின் ஆறு மீன்களைக் கொன்றதும் இந்த விஷயம்தான். மீனின் கழிவில் வருவது அம்மோனியா. சுத்த விஷம். அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் ஒரு புதுத் தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இவன் மறுநாளே ஆறு பேரைக் குடிவைத்தான். கக்கூஸ் கட்டாத வீட்டில் கூட்டுக் குடும்பம்!

கதைக்கு வருவோம். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்காகக் கண்ணாடித் தொட்டிகளில் மீன் காட்சி திறந்தார்கள். அதற்குக் கடல் உயிர்களைப் பிடித்துத் தந்தவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ். 1854-ல் அவர் எழுதிய 'தி அக்வேரியம்' புத்தகம்தான் அந்த வார்த்தையையே ஊருக்குப் பழக்கியது. அவ்வளவுதான், இங்கிலாந்துக்கே பைத்தியம் பிடித்தது. சுத்தி, உளி, ஜாடி சகிதம் ஜனங்கள் ரயிலேறிக் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். பாறைகளைப் பெயர்த்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளினார்கள். அள்ளியதில் பெரும்பாலானவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 1907-ல், காஸின் மகன் எட்மண்ட் காஸ் தன் அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தான் சின்ன வயதில் அப்பாவோடு பார்த்த அந்தப் பாறைக்குளங்கள் இப்போது சூறையாடப்பட்டு வெறிச்சோடிக் கிடக்கின்றன, அதற்குத் தன் அப்பாவின் புத்தகங்களே காரணமாகிவிட்டன என்று மனம் நொந்தார். கடலை வெறுத்தவர்கள் செய்த வேலை இல்லை இது. கடலைக் காதலித்தவர்கள் செய்தது!

இது புதிய வியாதியும் இல்லை. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி ப்ளைனி இதை எழுதி வைத்திருக்கிறார். ரோமானியப் பெண்களுக்கு இந்திய முத்து எப்படியோ, இந்தியர்களுக்குப் பவளம் அப்படி என்கிறார். இங்கே அனுப்பி அனுப்பியே, விளைகிற இடத்தில் பவளத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டதாம்! ஆமாம், செவ்வாய் தோஷத்துக்கு மோதிரத்தில் பதிக்கிறோமே, அந்தச் சிவப்புப் பவளத்தின் பூர்வீகம் மத்தியதரைக் கடல். பல நூற்றாண்டு கழித்தும் அந்த வியாபாரம் ஓயவில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் யூத வணிகர்கள் அங்கிருந்து பவளத்தைக் கப்பலில் மெட்ராஸுக்கு அனுப்பி, பதிலுக்கு வைரம் வாங்கினார்கள். சென்னை மண்ணடிப் பக்கம் பவளக்காரத் தெரு என்று இன்றும் இருக்கிறதே, அந்த வியாபாரத்தின் மிச்சம் அது.

நம் கடலிலும் பவளம் உண்டு. அது வேறு ரகம். மோதிரத்துக்கு ஆகாது. சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொண்டு கோடிக்கணக்கில் கூடி வாழும் குட்டி உயிர்கள். மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை, தீவுகளைச் சுற்றிப் பாறை பாறையாக வளர்ந்திருக்கிறது.

இந்தக் கடலின் உயிர்களை ஊன்றிக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் எட்கர் தர்ஸ்டன். மெட்ராஸ் மியூசியத்தின் சூப்பரின்டெண்டென்ட். தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு தொகுதி எழுதி, அதற்காக ஊர் ஊராய்ப் போய் மனிதர்களின் மூக்கை அளந்தாரே, அதே துரைதான்! அவர் திட்டமிட்ட கடல் மீன் காட்சிசாலை, 1909-ல் மெரினா கடற்கரையில் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்பார்கள். ஜனங்கள் குவிந்தார்கள். அதுவரை குழம்பில் மட்டுமே பார்த்திருந்த மீனை, உயிரோடு கண்ணுக்கு நேரே பார்க்கிற அதிசயம்! 1919-ல் அது மீன்வளத் துறையின் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் வந்தது, மூடினார்கள். அந்தப் பழைய களை அதன்பின் திரும்பவேயில்லை.

மெரினாவில் ஒரு சௌகரியம், கடல் வாசலிலேயே இருந்தது. அது இல்லாத வீடுகளில்? மீன் பிழைத்தாலும் பவளம் பிழைக்கவில்லை, ரொம்ப காலத்துக்கு. 1961-ல் இந்தோனேஷியாவிலிருந்து லீ சின் எங் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, சூரிய வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழிகள். அவருடைய தொட்டியில் பவளம் வளர்ந்தது! அந்தப் பாறையின் துளைகளில் இருந்த பாக்டீரியாக்கள்தான் ரகசியம். சின்ன வாரிங்டன் தேடிய அதே ஆட்கள். இன்று உலகம் முழுக்கப் பவளத் தொட்டி வைப்பவர்கள் நடக்கிற பாதை அவர் போட்டதுதான்.

'எல்லாம் சரி, பொருத்தம் என்னாச்சு?' என்கிறீர்களா? இதோ.

கோமாளி மீன்: நல்ல வரன். 'ஃபைண்டிங் நீமோ' படம் 2003-ல் வந்தபிறகு அறிமுகமே தேவையில்லை. எல்லாம் ஆணாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும்! ஆகவே சின்னதாக இரண்டு வாங்கினால் போதும், மற்றதை அவையே பேசி முடித்துக்கொள்ளும். அனிமோன் என்கிற கடல் சாமந்தி இருந்தால்தான் வாழும் என்பது கட்டுக்கதை. சின்னத் தொட்டியில் கடல் சாமந்தி இடம் மாறி ஊர்ந்து, பம்பில் சிக்கிச் செத்து, மொத்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும்.

டாம்செல்: அழகான ரௌடி. விலை குறைவு, ஆயுள் கெட்டி. ஆனால் முதலில் வந்த டாம்செல் வீட்டுக்குப் பட்டா போட்டுவிடும். அப்புறம் வருகிற அத்தனை பேருக்கும் அடிதான். சாதுவை முதலில் விடு, சண்டைக்காரனைக் கடைசியில் விடு என்பது தொட்டிக்காரர்களின் வேதவாக்கு. சின்னத் தொட்டியா? சண்டைக்காரனே வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சி மீன்: இதன் வகைகளில் பலவற்றுக்குச் சாப்பாடே பவளம்தான். பவளம் இல்லாவிட்டால் பட்டினி, பவளம் இருந்தால் அதைக் கொறித்தே தீர்த்துவிடும். ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஒரே அறையில் பூட்டி வைப்பீர்களா?

லயன் ஃபிஷ்: வாயில் அடங்குகிற எதுவும் அதற்கு இரை. சர்ஜன் ஃபிஷ்: இன்று விரல் நீளம், நாளை முழங்கை நீளம். கடலில் நாளெல்லாம் நீந்திக்கொண்டே இருக்கிற ஜென்மம், இரண்டடித் தொட்டி அதற்கு ஜெயில்.

கோபி மீன்: தங்கமான ஜாதகம். மணலில் குழி தோண்டி வாழும் பிஸ்டல் இறாலோடு சில கோபிகள் கூட்டுக் குடித்தனம் செய்யும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, குழியைத் தோண்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். ஆபத்து வந்தால் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே! சம்பளம் இல்லாத வாட்ச்மேன்.

நூறு லிட்டர் தொட்டிக்கு இப்படி மூன்று சின்ன மீன், கொஞ்சம் முனிவர் நண்டு, நத்தை. அதோடு கதவைச் சாத்திவிட வேண்டும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை!

மிச்சம் இருப்பது பவளம். செடி மாதிரி சும்மா நிற்கிறதே என்று நினைக்காதீர்கள். பவளமும் சண்டை போடும்! 1970-களின் தொடக்கத்தில் ஜூடித் லாங் என்ற ஆராய்ச்சியாளர் ஜமைக்காவில் இதைப் பதிவு செய்தார். பக்கத்தில் வேறு இனப் பவளம் வந்தால், தன் வயிற்றுக்குள் இருக்கும் இழைகளை வெளியே நீட்டி அண்டை வீட்டுக்காரனைச் செரித்தே தின்றுவிடுகின்றன சில பவளங்கள். வேறு சில, ராத்திரியில் நீளமான கொடுக்கிழைகளை வீசும். ஆக, எந்த இரண்டு பவளத்தைப் பக்கத்தில் வைப்பது என்பதே தனி ஜோதிடம்.

அந்த ஜோதிடம் நமக்குத் தேவையில்லை. இதுதான் என் தோழனுக்கு நான் சொல்லவந்த விஷயம்.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பல வருடங்களாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வண்டி வண்டியாக வெட்டினார்கள். 1986-ல் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் திருட்டு நின்றபாடில்லை. பவளப்பாறை என்பது தீவுக்கு அலைதாங்கி. அது போனால் அலை நேரே கரையைத் தின்னும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. போதாததற்கு 1998, 2010, 2016 என்று கடல் சூடாகும்போதெல்லாம் பவளங்கள் வெளுத்துச் செத்தன. கடல் ஓரிரண்டு டிகிரி கூடினாலே தாங்காத ஜீவன் அது. அதைக் கொண்டுவந்து, மே மாதம் நாற்பது டிகிரியைத் தொடும் திருவண்ணாமலையில், கரண்ட் போகிற ஹாலில் வைக்கப் போகிறானாம்!

2001-ல் அரசாங்கம் முடிவெடுத்தது. பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கரும் பவளம், நெருப்புப் பவளம், விசிறிப் பவளம் எல்லாம் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் போயின. புலி இருக்கிற அதே அட்டவணை! கடல்குதிரையும் கடல் அட்டையும்கூட அந்த வருடம்தான் உள்ளே வந்தன. அந்த அட்டவணை உயிரை எடுத்தால், விற்றால், வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. 'இது சாஃப்ட் கோரல் சார், பிரச்னை வராது' என்பார்கள். எங்கிருந்து வந்தது, காகிதம் எங்கே என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இல்லையா? வைத்துவிட்டு வந்துவிடுங்கள். உயிர்ப்பாறை என்று விற்பதும் பெரும்பாலும் பவளத்தின் துண்டுதான்.

"அப்போ தொட்டியே வைக்கக் கூடாதுங்கறியா?" என்றான்.

அப்படியில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. பண்ணையில் பிறந்த மீனுக்குக் கண்ணாடி புதிதல்ல, தீனியும் பழக்கம். கடலில் ஒன்று குறையவும் இல்லை. பாறைக்குப் பதில் துளையுள்ள செராமிக் கல் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு வீடு வேண்டும், அவ்வளவுதான். வீட்டின் விலாசம் மன்னார் வளைகுடாவாக இருக்க வேண்டியதில்லை.

அன்னா தைன் காலத்தில் இருந்து நாம் கேட்டுக்கொண்டிருப்பது 'எதோடு எது ஒத்துப்போகும்' என்பதைத்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய பொருத்தம் ஒன்று இருக்கிறது. என் ஆசையும் கடலும் ஒத்துப்போகுமா? அதில் பொருந்தவில்லை என்றால் மற்ற பொருத்தம் எல்லாம் இருந்து என்ன பிரயோஜனம்?

போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அட்வான்ஸ் ஐந்நூறு ரூபாய் போச்சுடா" என்றான்.

இந்தக் கார்த்திகைக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு வாரம் வெறும் தண்ணீரையும் செராமிக் கல்லையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். பொறுமையே இல்லாதவனுக்கு அது தவம்தான்! இப்போது இரண்டு கோமாளிகள், ஒரு கோபி, நான்கு முனிவர் நண்டுகள். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப். தண்ணீர் பளிங்காக இருந்தது. தீபம் பார்க்க மொட்டைமாடிக்குப் போனோம்.

சின்னப் பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பவளம் வாங்கித் தரேன்னியேப்பா, எங்கே?"

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் பக்கத்தில் இருட்டாய் நின்ற அந்தக் குட்டிக் குன்றைக் காட்டினான்.

"அதோ இருக்கு பாரு, நம்ம ஊர்ப் பவளம். தீனி போட வேணாம், தண்ணி மாத்த வேணாம்."